திறந்த மென்பொருளும் பூட்டிய பேழையும்

ஆரஞ்சு நிறக் கூம்பைச் சின்னமாகக் கொண்ட வி.எல்.சி. மென்பொருளை அறியாத பல்கலைக்கழக மாணவரைக் காண்பது அரிது. விரிவுரையின் ஒளிப்பதிவு முதல் நண்பர் எடுத்த குறும்படம் வரை எதைக் கொடுத்தாலும் அது இயக்கிக் காட்டும். அதனைத் தொடக்கியவர்களும் நம்மைப் போன்ற மாணவர்களே. 1996-ஆம் ஆண்டில் பிரான்ஸ் நாட்டின் எக்கோல் சென்ட்ரல் பாரிஸ் கல்லூரி மாணவர்கள், செயற்கைக்கோள் தொலைக்காட்சியை வளாகத்தின் கணினி வலையமைப்பின் வழியே பார்ப்பதற்காக மேற்கொண்ட திட்டத்தில் பிறந்தது அது. 2001-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம், கல்லூரியின் இசைவோடு திறந்த மூல மென்பொருளாக உலகுக்கு வழங்கப்பட்டது.

ஆனால், இன்று நாம் பார்ப்பவற்றுள் பெரும்பகுதி நம் கணினியில் கோப்பாக இருப்பதில்லை. மாதக் கட்டணம் செலுத்திப் பார்க்கும் ஸ்ட்ரீமிங் சேவைகளிலிருந்து, குழாய் நீரைப் போல் அது வந்து போகிறது. 2013-இல் ஸ்போட்டிஃபையும் 2016 ஜனவரியில் நெட்பிளிக்ஸும் மலேசியாவுக்கும் சிங்கப்பூருக்கும் வந்தன. நெட்பிளிக்ஸுக்கு முறையாகப் பணம் கட்டும் ஒருவர்கூட அதன் படத்தை வி.எல்.சி.யில் பார்க்க முடியாது. இத்தகைய வணிகச் சேவைகளுக்குத் திறந்த மூல ஊடக மென்பொருள்கள் இடமளிக்க வேண்டுமா? மென்பொருள் உலகம் பல ஆண்டுகளாக விவாதித்து வரும் இக்கேள்வியின் இரு பக்கங்களையும் விளக்கி, எப்பக்கம் நியாயம் மிகுந்தது என்று ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

திறப்பும் பூட்டும்

திறந்த மூல மென்பொருள் என்றால் இலவச மென்பொருள் என்றே பலர் எண்ணுகின்றனர். அதன் அடிப்படை விலையன்று, உரிமை. அதன் மூல நிரலை எவரும் படிக்கலாம். தம் தேவைக்கேற்ப மாற்றலாம். மாற்றியதைப் பிறருக்கும் வழங்கலாம்.

வணிகச் சேவைகளின் அடிப்படை இதற்கு நேர்மாறானது. அவை படத்தை நமக்கு விற்பதில்லை. பார்ப்பதற்கு மட்டும் அனுமதி தருகின்றன. அந்த அனுமதியைக் காப்பது டி.ஆர்.எம். எனப்படும் எண்ணிமப் பூட்டு. படம் மறைக்குறிகளாக மாற்றப்பட்டே நம்மிடம் வருகிறது. அதைத் திறக்கும் திறவுகோல், நாம் கட்டணம் செலுத்தியவர் என்று உறுதிசெய்யப்பட்ட பிறகு, தனியே வருகிறது. அத்திறவுகோலைக் கையாள்வது கூகிளின் வைட்வைன், ஆப்பிளின் ஃபேர்பிளே, மைக்ரோசாஃப்ட்டின் பிளேரெடி போன்ற மூடிய நிரல்கள். அவற்றின் மூல நிரலைப் பயனர் பார்க்க இயலாது.

ஏன் அவை மூடியிருக்க வேண்டும்? மூல நிரல் திறந்திருந்தால், 'திரையில் காட்டு' என்றிருக்கும் கட்டளையை 'வட்டில் சேமித்துக்கொள்' என்று எவரும் மாற்றிவிடலாம். வீட்டின் எல்லாக் கதவுகளையும் திறந்து வைத்துக்கொண்டு ஓர் அறையின் சாவியை மட்டும் வீட்டுக்காரரிடமிருந்தே ஒளித்து வைப்பது நடவாத காரியம். ஆகவே, வணிகச் சேவையை ஆதரிப்பது என்றால், திறந்த மென்பொருளுக்குள் ஒரு மூடிய பகுதியை ஏற்பது என்றே பொருள்.

இந்தப் பிணக்கு புதியதன்று. டிவிடி வட்டுகளிலும் இத்தகைய பூட்டு இருந்தது. காசு கொடுத்து வாங்கிய வட்டையே லினக்ஸ் கணினியில் பார்க்க இயலாத நிலையில், 1999-இல் அப்பூட்டைத் திறக்கும் சிறு நிரல் ஒன்று வெளியானது. அதற்காக வழக்கை எதிர்கொண்ட நார்வே நாட்டு இளைஞர் 2003-இல் விடுவிக்கப்பட்டார். நம் நாட்டில் அவ்வழி மூடப்பட்டுள்ளது. பதிப்புரிமைச் சட்டத்தில் 2012-இல் நடப்புக்கு வந்த திருத்தம், இத்தகைய பூட்டுகளை உடைப்பதைத் தடை செய்கிறது.

மறுப்போர் கூறுவது

கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை 2006 முதல் எண்ணிமப் பூட்டுகளுக்கு எதிராக இயக்கம் நடத்தி வருகிறது. கணினி அதன் உரிமையாளருக்குக் கட்டுப்பட வேண்டுமே தவிர, வேறு யாருக்கோ அன்று என்பது அதன் வாதம். மூடிய நிரல் உள்ளே என்ன செய்கிறது என்பதைப் பயனர் அறிய முடியாது. அதில் பிழை இருந்தாலும் அவரால் திருத்த இயலாது.

இது வெறும் கொள்கைப் பேச்சன்று. ஸ்போட்டிஃபை நிறுவனம் 2009-இல், பிறர் எழுதும் மென்பொருள்கள் தன் சேவையோடு இணைவதற்காக மூடிய நிரல் ஒன்றை வெளியிட்டது. அதை நம்பிப் பல தன்னார்வலர்கள் தங்கள் இசை மென்பொருள்களில் அச்சேவையைச் சேர்த்தனர். 2015-இல் அந்நிரலை இனி மேம்படுத்தப் போவதில்லை என்று நிறுவனம் அறிவித்தது. 2022-இல் அதன் இயக்கத்தையே நிறுத்தியது. மாதந்தோறும் கட்டணம் செலுத்தியவர்கள்கூட, தாங்கள் பழகிய மென்பொருளில் பாட்டுக் கேட்க முடியாமல் போயிற்று. மூல நிரல் திறந்திருந்தால் வேறு யாராவது அதை எடுத்து வளர்த்திருப்பார்கள். இரவல் சேலையை நம்பி இடுப்புக் கந்தையை எறியலாமா என்று நம் முன்னோர் கேட்டது இங்கு அப்படியே பொருந்துகிறது.

அடுத்த அச்சம், வணிகச் சேவை மென்பொருளையே விழுங்கிவிடும் என்பது. 'கோடி' என்ற திறந்த மூல ஊடக மென்பொருளைப் பற்றிச் சற்றுப் பின்னர் விரிவாகக் காண்போம். அதன் நிரலிலிருந்து 2008-ஆம் ஆண்டு வாக்கில் கிளைத்ததே பிளெக்ஸ். அது வணிக நிறுவனமாகி, மூடிய மென்பொருளாக வளர்ந்தது. நம் சொந்தப் படத் தொகுப்பை அடுக்கிப் பார்க்க உதவிய அம்மென்பொருள், 2019 டிசம்பரில் விளம்பரங்களோடு கூடிய படங்களைத் தானே வழங்கத் தொடங்கியது. அதே வகையைச் சேர்ந்த எம்பி மென்பொருள் 2018-இல் தன் மூல நிரலை மூடியபோது, அதுவரை திறந்திருந்த நிரலை எடுத்துக்கொண்டு தன்னார்வலர்கள் ஜெல்லிஃபின் என்ற புதிய மென்பொருளைத் தொடங்கினர். உரிமை என்பது ஏட்டில் எழுதிய சொல் மட்டுமன்று, ஆபத்துக் காலத்தில் கைகொடுப்பது என்பதற்கு இதுவே சான்று.

ஏற்போர் கூறுவது

மறுதரப்பினரின் வாதமும் எளிதில் தள்ளத்தக்கதன்று. பயர்ஃபாக்ஸ் உலாவியை உருவாக்கும் மொசில்லா அமைப்பு, 2014 மே மாதத்தில் எண்ணிமப் பூட்டை ஆதரிக்க முடிவு செய்தது. விருப்பமில்லாமல் எடுக்கும் முடிவு என்பதை அது மறைக்கவில்லை. மற்ற உலாவிகள் எல்லாம் படங்களைக் காட்டும்போது பயர்ஃபாக்ஸ் மட்டும் மறுத்தால், மக்கள் பூட்டை வெறுக்க மாட்டார்கள். பயர்ஃபாக்ஸைத்தான் கைவிடுவார்கள் என்பதே அதன் கணக்கு. எனினும், மூடிய நிரலைத் தனியொரு கூண்டில் அடைத்து, கணினியின் பிற பகுதிகளைத் தொடாதவாறு செய்தது. வேண்டாதவர்கள் அதனை நிறுத்திவிடவும் வழி வைத்தது.

இதனினும் அழுத்தமான பாடத்தைத் தருவது 'கோடி'. இது நூறு இலட்சத்தைக் குறிக்கும் கோடியன்று. 2002-இல் எக்ஸ்பாக்ஸ் விளையாட்டுக் கருவிக்காகத் தொடங்கப்பட்டு, 2014-இல் இப்பெயரைப் பெற்ற ஊடக மென்பொருள். நம்மிடமுள்ள படங்களையும் பாடல்களையும் தொலைக்காட்சித் திரையில் அழகுற அடுக்கிக் காட்டுவதே அதன் வேலை. அது எந்தப் படத்தையும் தானே வழங்குவதில்லை. ஆனால், எவரும் துணைநிரல் எழுதி அதனோடு இணைக்கலாம்.

முறையான சேவைகள் 'கோடி'யின் பக்கம் பெரும்பாலும் திரும்பிப் பார்க்காததால், அந்த வெற்றிடத்தைத் திருட்டுத் துணைநிரல்கள் நிரப்பின. அவற்றை முன்கூட்டியே ஏற்றிய பெட்டிகளைச் சிலர் விற்றுப் பணம் பார்த்தனர். பெட்டி பழுதானபோது வாங்கியவர்கள் உதவி கேட்டு வந்ததோ, ஒரு காசும் பெறாத 'கோடி'யின் தன்னார்வலர்களிடம். இவ்விற்பனையாளர்களால் தங்கள் திட்டமே அழிந்துகொண்டிருக்கிறது என்று அக்குழுவினர் 2016-இல் வெளிப்படையாகவே எழுதினர். 2017 ஏப்ரலில் ஐரோப்பிய நீதிமன்றம், இத்தகைய பெட்டிகளை விற்பது பதிப்புரிமை மீறலே என்று தீர்ப்பளித்தது. நேர்வழி அடைபட்டிருந்தால் மக்கள் பயணத்தை நிறுத்துவதில்லை. குறுக்குவழியில் போகிறார்கள் என்பதே 'கோடி' கண்ட உண்மை.

நம் வீட்டுக் கூடத்தில்

மலேசியாவில் இந்த விவாதம் ஏட்டளவில் நிற்பதில்லை. ஆண்ட்ராய்டு பெட்டியைப் பற்றிக் கேள்விப்படாத இந்தியக் குடும்பம் நம்மிடையே குறைவு. ஒருமுறை பணம் கட்டினால் தமிழ்ப் படம், தொடர், காற்பந்து அனைத்தும் வரும் என்ற உறுதிமொழியோடு அவை விற்கப்படுகின்றன. வாங்குபவர்களுள் பலர், விலை கொடுத்து வாங்கிய பொருளாதலால் அது சட்டப்படியானதே என்று நம்புகின்றனர்.

பதிப்புரிமைத் திருத்தச் சட்டம் 2022, அவ்வாண்டு மார்ச் 18-ஆம் நாள் நடப்புக்கு வந்தது. பதிப்புரிமையை மீறும் ஸ்ட்ரீமிங் தொழில்நுட்பத்தைத் தயாரிப்பது, விற்பது, வழங்குவது முதலியவற்றுக்கு 10,000 ரிங்கிட் முதல் 200,000 ரிங்கிட் வரை அபராதமோ, 20 ஆண்டுகள் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம். சிங்கப்பூரில் 2021 நவம்பரில் நடப்புக்கு வந்த பதிப்புரிமைச் சட்டமும், இவ்வகைப் பெட்டிகளை விற்போருக்கு 100,000 வெள்ளி வரை அபராதமும் 5 ஆண்டுகள் வரை சிறையும் விதிக்க இடமளிக்கிறது.

இங்கே ஒன்றைத் தெளிவாகப் பிரித்தறிய வேண்டும். ஆண்ட்ராய்டு குற்றமன்று, 'கோடி'யும் குற்றமன்று. உரிமையில்லாத படங்களுக்கு வழிகாட்டும் துணைநிரலும், அதை வைத்து நடத்தும் வணிகமுமே குற்றம். பழைய கணினியில் திறந்த மென்பொருளை ஏற்றி, தாம் கட்டணம் செலுத்தும் ஓரிரு சேவைகளை அதிலேயே பார்க்க ஒரு குடும்பத்துக்கு எளிய வழி இருக்குமானால், கள்ளப் பெட்டியின் கவர்ச்சி சற்றேனும் குறையும். அவ்வழியைத் திறந்த மென்பொருளே அடைத்து வைத்தால், நன்மை பெறுவோர் கள்ளப் பெட்டி விற்பவர்களே.

நடுவழியும் மூன்று நிபந்தனைகளும்

2019 ஜனவரியில் வெளிவந்த 'கோடி'யின் 18-ஆம் பதிப்பு, பூட்டிய படங்களையும் இயக்கும் வசதியோடு வந்தது. அது கையாண்ட முறை கவனிக்கத்தக்கது. மூடிய நிரலை அக்குழு தன் மென்பொருளோடு சேர்த்து வழங்கவில்லை. அதைப் பொருத்துவதற்கான இடத்தை மட்டும் அமைத்தது. வேண்டும் என்று பயனர் ஒப்புக்கொண்டால் மட்டுமே அந்நிரல் அவருடைய கணினிக்குத் தருவிக்கப்படுகிறது.

இந்த அனுபவங்களை எல்லாம் சேர்த்துப் பார்க்கும்போது, திறந்த மூல மென்பொருள்கள் வணிகச் சேவைகளை ஆதரிக்கலாம், ஆனால் மூன்று நிபந்தனைகளுடன் என்பதே என் முடிவு. முதலாவது, சேவை துணைநிரலாக வெளியே நிற்க வேண்டும், மையத்துக்குள் நுழையக்கூடாது. இரண்டாவது, மூடிய பகுதியைச் சேர்ப்பது பயனரின் தேர்வாக இருக்க வேண்டும். அது மூடியது என்பதும் அவருக்குச் சொல்லப்பட வேண்டும். மூன்றாவது, எல்லாச் சேவைகளும் நாளையே நின்றுபோனாலும் மென்பொருள் முழுமையாக இயங்க வேண்டும்.

பொறுப்பு ஒரு தரப்புக்கு மட்டும் உரியதன்று. நெட்பிளிக்ஸ் படங்களை உலகெங்கும் அனுப்பும் வழங்கிகள் இயங்குவது ஃபிரீபிஎஸ்டி என்ற திறந்த மூல இயங்குதளத்தில். அந்நிறுவனமும் பங்குகொண்ட கூட்டணி 2018-இல் வெளியிட்ட ஏ.வி.1 என்ற ஒளிப்பதிவு வடிவத்தை வேகமாக இயக்கும் நிரல்களுள் ஒன்றை எழுதியவர்கள் வி.எல்.சி.யின் குழுவினர். ஆயினும், 'கோடி'க்கான நெட்பிளிக்ஸ் துணைநிரலை அந்நிறுவனம் எழுதித் தரவில்லை, தன்னார்வலர்களே எழுதினர். பிற நிரலாளர்கள் தன் சேவையோடு இணைவதற்கு இருந்த பொது வழியையும் அது 2014 நவம்பரில் மூடிவிட்டது. 2019-இல் திறந்த மூல உலாவி ஒன்றை உருவாக்கியவர் வைட்வைன் அனுமதி கேட்டு, மாதக்கணக்கில் காத்திருந்த பின் மறுக்கப்பட்டார். திறந்த நிரல்களின் மேல் தொழில் நடத்துவோர், அவற்றைப் பயன்படுத்தும் வாடிக்கையாளருக்கும் முறையான வாசலைத் திறந்துவிடுவதே நேர்மை.

மூன்று நிபந்தனைகளுள் மூன்றாவதையே நான் மிக முக்கியமாகக் கருதுகிறேன். சந்தாவை நிறுத்திய மறுநாள் அச்சேவையின் படங்களில் ஒன்றுகூட நம்மிடம் இருக்காது. நம்மிடம் எஞ்சுபவை தாத்தாவின் குரல் பதிந்த ஒலிநாடா, தோட்டத்துக் கோயில் திருவிழாவின் ஒளிப்பதிவு, தமிழ்ப்பள்ளி ஆண்டுவிழா நாடகம், நம் பேரவையின் கலைநிகழ்ச்சி ஆகியவையே. இவற்றை எந்த வணிகச் சேவையும் தேடி வந்து வாங்கப் போவதில்லை. அவற்றைச் சந்தா கேட்காமல், முப்பது ஆண்டுகள் கழித்தும் இயக்கிக் காட்டக்கூடிய மென்பொருள் நமக்குத் தேவை. வாடகைப் படத்துக்கு நாற்காலி போடலாம். வீட்டுப் பத்திரத்தை எழுதிக் கொடுக்க வேண்டியதில்லை.