மிதிகாரின் சக்கரங்கள்

காலால் மிதித்து ஓட்டும் நான்கு சக்கர வண்டியை மிதிகார் எனலாம். பிரான்சு நாட்டினராகிய சார்லஸ் மோஷே என்பவர் 1920-ஆம் ஆண்டுகளில் தம் மகன் ஜார்ஜுக்காக இத்தகைய சிறு வண்டி ஒன்றைச் செய்தளித்தார். பின்னர், இருவர் அமர்ந்து செல்லத்தக்க ‘வெலோகார்’ என்னும் வண்டிகளையும் செய்து விற்றார். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் பெட்ரோல் கிடைத்தற்கு அரிதானபோது, மிதிகார்கள் அந்நாட்டு மக்களுக்குக் கைகொடுத்தன.

பழைய மிதிவண்டிகளின் உறுப்புகளைக் கொண்டு மிதிகாரைத் தாமே செய்ய முற்படுவோர் இன்றும் உளர். அவர்கள் முதற்கண் எண்ணிப் பார்க்க வேண்டுவது சக்கரத்தையே. மிதிவண்டியில் பல்லாண்டு உழைத்த சக்கரம், மிதிகாரில் சின்னாளில் வளைந்துவிடுதல் உண்டு. இதற்குக் காரணம் யாது?

மிதிவண்டி வளைவில் திரும்பும்போது, ஓட்டுபவர் தம்மையறியாமலே அதனை உட்புறமாகச் சாய்க்கிறார். அதனால் சுமை விளிம்பிற்கும் குடத்திற்கும் இடையே நேராக அமைகிறது. நான்கு சக்கர வண்டியோ அவ்வாறு சாய்வதில்லை. அது மணிக்கு 18 கிலோமீட்டர் வேகத்தில், 8 மீட்டர் ஆரமுள்ள வளைவில் திரும்புவதாகக் கொள்க. அப்போது சக்கரங்களைத் தாக்கும் பக்கவிசை, வண்டியின் முழு எடையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்காகும். அதன் பெரும்பகுதியை வெளிப்புறச் சக்கரங்களே தாங்குகின்றன. மெல்லிய கம்பிகள் மேலிருந்து வரும் சுமையைத் தாங்க வல்லவை. பக்கத்திலிருந்து தாக்கும் விசைக்கோ எளிதில் நெகிழ்வன.

இதற்கு மாற்று மூன்று. முதலாவது, சக்கரம் சிறிதாயிருத்தல் நன்று. பக்கவிசை தரைமட்டத்தில் தாக்குவதால், சக்கரத்தின் ஆரமே நெம்புகோலாகிறது. ஆகவே 26 அங்குலச் சக்கரத்தினும் 20 அங்குலச் சக்கரம் உறுதி மிக்கது. இரண்டாவது, குடத்தின் இரு பக்கத் தட்டுகளும் ஒன்றற்கொன்று அகன்றிருத்தல் வேண்டும். கயிறுகளை அகல விரித்துக் கட்டினால் கூடாரக் கம்பம் அசையாது நிற்பதனை இதற்கு ஒப்புக் கூறலாம். மூன்றாவது, கம்பிகள் 36-க்குக் குறையாமலும், யாவும் செவ்வையாக இறுக்கப்பெற்றும் இருத்தல் வேண்டும்.

இனி, அச்சினைக் காண்போம் எனின், மிதிவண்டியில் அதனைக் கவை இரு முனைகளிலும் தாங்குகிறது. மிதிகாரின் முன்சக்கரமோ பெரும்பாலும் ஒருபுறமே தாங்கப்படுகிறது. ஒரு கோலின் இரு முனைகளையும் தாங்கி நடுவில் சுமை வைத்தல் ஒருவகை; அதே கோலின் ஒரு முனையைச் சுவரில் பதித்து, மறுமுனையில் அச்சுமையைத் தொங்கவிடுதல் மற்றொரு வகை. பின்னதில் கோலை வளைக்கும் திறன் நான்கு மடங்காகிறது. ஆதலின் மெல்லிய அச்சு முறிந்துபோதல் வியப்பன்று. அச்சின் குறுக்களவை இரட்டித்தால், அதன் வலிமை எட்டு மடங்காகும். சக்கர நாற்காலியின் குடங்கள் ஒருபுறம் தாங்கும் தடித்த அச்சுக்கென்றே அமைந்தவை. எனவே அவற்றைத் தேர்வோரும் உளர்.

வண்டி முடிந்தபின், ஆளில்லாத வெளியில் மெதுவாக ஓட்டிப் பார்த்தல் வேண்டும். சில நாள் கழித்துக் கம்பிகள் தளர்ந்துளவா, அச்சு வளைந்துளதா என மீண்டும் ஆராய்தல் வேண்டும். வண்ணப் பூச்சின் அழகைக் காண்போர் பலர். அச்சினை நோக்குவோர் சிலர். ஆயினும், வண்டியில் அமரும் சிறுவனின் உயிர் அவ்வச்சினை நம்பியே இருக்கிறது.