ஆரஞ்சா, பச்சையா? 'மிஷன்: ஸ்பேஸ்' சவாரியும் பயணியின் உரிமைகளும்

அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்தில், ஒர்லாண்டோ நகரை ஒட்டி அமைந்துள்ள வால்ட் டிஸ்னி வேர்ல்டின் எப்காட் பூங்காவில் 2003ஆம் ஆண்டு திறக்கப்பட்ட 'மிஷன்: ஸ்பேஸ்', செவ்வாய்க் கோளுக்குச் செல்லும் பயணத்தைப் பாவனையாக நிகழ்த்திக் காட்டும் சிமுலேட்டர் சவாரியாகும். சிமுலேட்டர் என்பது, இடம்விட்டு இடம் செல்லாமலேயே, திரைக்காட்சி, ஒலி, இருக்கையின் அசைவு ஆகியவற்றை இணைத்து, பயணம் நடப்பதாகவே உடலை நம்பச் செய்யும் கருவி. இவ்வகைச் சவாரிகள் பெரும்பாலானவற்றில் இருக்கை சாய்வதோடும் குலுங்குவதோடும் வேலை முடிந்துவிடும். 'மிஷன்: ஸ்பேஸ்' சவாரியிலோ பயணிகள் அமர்ந்திருக்கும் சிற்றறைகள் ஒரு மையத்தைச் சுற்றி உண்மையிலேயே விரைந்து சுழல்கின்றன. மையவிலக்குக் கருவி எனப்படும் இந்த அமைப்பு, போர் விமானிகளுக்கும் விண்வெளி வீரர்களுக்கும் பயிற்சி அளிப்பதற்கென உருவானது. அத்தகைய பயிற்சிக் கருவிகளைச் செய்துவந்த பென்சில்வேனியா நிறுவனம் ஒன்றுதான் இதையும் கட்டிக்கொடுத்தது. மொத்தம் நான்கு கருவிகள். ஒவ்வொன்றிலும் பத்து அறைகள், அறைக்கு நால்வர்.

புவியீர்ப்பு நம்மீது இயல்பாகச் செலுத்தும் இழுவையை ஒரு 'ஜி' என்று கொண்டால், இந்தச் சவாரியின் கடுமையான பிரிவில் அது 2.5 ஜி வரை உயர்கிறது. அறுபது கிலோ எடையுள்ள ஒருவர் அந்தக் கணத்தில் நூற்றைம்பது கிலோ எடை தம்மை இருக்கையோடு அழுத்துவதாக உணர்வார். அமெரிக்க விண்வெளி ஓடங்கள் ஏவப்பட்டபோது வீரர்கள் தாங்கிய விசையே அதிகபட்சம் 3 ஜி என வரம்பிடப்பட்டிருந்தது என்பதை நினைத்தால் இதன் அளவு விளங்கும். ரோலர் கோஸ்டர்களில் இதைவிடக் கூடுதலான விசையும் ஏற்படுவதுண்டு. ஆனால் அங்கே அது ஓரிரு நொடிகளில் வந்து மறைகிறது, இங்கே ஏவுதல் கட்டம் முழுவதும் நெஞ்சின்மீது ஏறி அமர்ந்துகொள்கிறது.

இந்தச் சவாரியைப் பற்றி ரசிகர்களிடையே நிலவும் கருத்துகள் இரு துருவங்களாகப் பிரிந்து நிற்பதற்கு இதுவே அடிப்படை. ஒரு சாரார், விண்கலம் ஏவப்படும்போது உடல் உணர்வதைச் சாதாரண மனிதர் அறிந்துகொள்வதற்கு இதற்கு நிகரான வாய்ப்பு வேறெங்கும் கிடையாது என்று உளமாரப் போற்றுகின்றனர். அந்தப் போற்றுதலில் மிகை அதிகமில்லை, ஏனெனில் அவர்கள் உணர்வது உண்மையான விசையேயன்றி வெறும் காட்சி மயக்கம் அன்று. இன்னொரு சாரார், நான்கைந்து நிமிடச் சவாரிக்குப் பின் அந்த நாள் முழுவதையும் தலைசுற்றலிலும் குமட்டலிலும் இழந்ததாகச் சொல்கின்றனர். 2006ஆம் ஆண்டு மே மாதம் சுழற்சி இல்லாத 'பச்சை' பிரிவு தொடங்கப்பட்டு, பழைய சுழலும் பிரிவு 'ஆரஞ்சு' எனப் பெயர் பெற்றபோது, அதையும் சிலர் சவாரியை நீர்க்கச் செய்துவிட்டதாகக் குறை கூறினர். முதியோரும் சிறுவரும் குடும்பத்தோடு சேர்ந்து செல்ல வழி பிறந்ததென்று பலர் மகிழ்ந்தனர். நுழைவாயில் தொடங்கி அறைக்கதவு வரை திரும்பத் திரும்ப வரும் எச்சரிக்கைகள் வீண் அச்சத்தை ஊட்டுகின்றன என்ற முணுமுணுப்பும் ரசிகர்களிடம் உண்டு.

இக்கருத்துகள் யாவும் நேர்மையானவை. அவற்றைச் சொல்பவர்கள் தம் உடல் கண்டதைத்தான் சொல்கிறார்கள். ஆபத்து தொடங்குவது அவை அறிவுரையாக மாறும் இடத்தில். "ஒன்றும் ஆகாது, தைரியமாக ஏறுங்கள்" என்று ஒருவர் சொல்லும்போது, அவர் தம்முடைய இதயத்துக்கும் தம்முடைய உட்செவிக்கும் மட்டுமே சாட்சி சொல்ல முடியும். கேட்பவரின் இரத்த அழுத்தம் அவருக்குத் தெரியாது, பல வேளைகளில் கேட்பவருக்கே தெரியாது.

ஒரே அறையில் அமர்ந்த நால்வரில் ஒருவர் சிரித்துக்கொண்டும் மற்றவர் வெளிறிய முகத்தோடும் வெளியேறுவதற்கான காரணம் உட்செவியில் இருக்கிறது. தலையின் திருப்பங்களை அளக்கும் அரைவட்டக் குழல்கள் மூன்று, ஒவ்வொரு காதிலும் உள்ளே அமைந்துள்ளன. அவற்றில் நிரம்பியுள்ள திரவத்தின் அசைவைக் கொண்டே உடல் எப்பக்கம் சுழல்கிறது என்பதை மூளை கணிக்கிறது. சவாரியின்போது கண் முன்னால் இருக்கும் திரை 'நேராக மேலே செல்கிறோம்' என்கிறது, உட்செவியோ வேறொரு செய்தியை அனுப்புகிறது. இந்த முரண்பாடே குமட்டலுக்குக் காரணம் என்பது மருத்துவத்தில் பரவலாக ஏற்கப்பட்ட விளக்கம். சுழன்றுகொண்டிருக்கும்போது தலையைப் பக்கவாட்டில் திருப்பினால் ஒரு குழலில் இருந்த அசைவு மற்றொன்றுக்குத் தாவி, உடல் குப்புறக் கவிழ்வது போன்ற உணர்வு திடீரென எழும். தலையை இருக்கையில் சாய்த்து நேரே பாருங்கள், கண்களை மூடாதீர்கள் என்று சவாரியில் சொல்லப்படும் அறிவுரை இதனால்தான் இன்றியமையாதது. அச்சத்தில் கண்ணை மூடிக்கொள்பவர், மூளைக்கு ஆறுதலாக இருந்த திரைக்காட்சியையும் இழந்து, நிலைமையை மேலும் மோசமாக்கிக்கொள்கிறார். தோள்பட்டையின் மேல் கவசம் இறங்கி, கட்டுப்பாட்டுப் பலகை முகத்தருகே நகர்ந்து வந்து நிற்கும் அந்தக் குறுகிய அறையில், வாந்திக்கான காகிதப்பை கைக்கெட்டும் இடத்தில் வைக்கப்பட்டிருப்பதை யாரும் அலங்காரமாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

குமட்டல் சில மணி நேரத்தில் தணிந்துவிடும். இதயமும் இரத்தக்குழாய்களும் சம்பந்தப்பட்ட ஆபத்து அப்படிப்பட்டதன்று. 2005ஆம் ஆண்டு ஜூன் மாதம் இந்தச் சவாரியில் சென்ற நான்கு வயதுச் சிறுவன் ஒருவன் மயங்கி இறந்தான். உடற்கூறாய்வில், அதுவரை கண்டறியப்படாதிருந்த இதயத் தசைத் தடிப்பு, அதாவது இதயச் சுவரின் தசை இயல்புக்கு மீறிப் பருத்துவிடும் நிலை, அவனுக்கு இருந்தது தெரியவந்தது. 2006ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் ஜெர்மனியிலிருந்து வந்திருந்த 49 வயதுப் பெண் ஒருவர், சவாரிக்குப் பின் உடல்நலம் குன்றி மறுநாள் இறந்தார். நெடுங்காலமாக இருந்துவந்த கடுமையான உயர் இரத்த அழுத்தத்தின் விளைவாக ஏற்பட்ட மூளை இரத்தக்கசிவு அதற்குக் காரணமாகக் கண்டறியப்பட்டது. இவ்விரண்டு மரணங்களுக்கும் இயந்திரக் கோளாறு காரணமாகச் சொல்லப்படவில்லை என்பது கவனத்துக்குரியது. எல்லாம் சரியாக இயங்கும்போதே நேரும் தீங்கைப் பற்றியே இங்கு பேச வேண்டியிருக்கிறது.

அந்தச் சிறுவன் சவாரிக்குரிய உயர வரம்பைக் கடந்தே இருந்தான் என்பதைப் பெற்றோர் ஒவ்வொருவரும் மனத்தில் கொள்ள வேண்டும். ஆரஞ்சுப் பிரிவுக்கு 112 சென்டிமீட்டர், பச்சைப் பிரிவுக்கு 102 சென்டிமீட்டர் என்று வகுக்கப்பட்டுள்ள உயரம், தோள்கவசம் குழந்தையின் உடலில் சரியாகப் பொருந்துமா என்பதைத்தான் அளக்கிறது. அது வயதையும் அளப்பதில்லை, இதயத்தையும் அளப்பதில்லை. உயரக்கோலின் முன் நின்று தேறிய குழந்தையை மருத்துவர் பார்த்துத் தேறிய குழந்தையாகக் கருதுவது, அன்போடு செய்யப்படும் பெரும் பிழை.

பயணிக்குரிய முதல் உரிமை, எதில் ஏறுகிறோம் என்பதை முன்கூட்டியே அறியும் உரிமை. உயர் இரத்த அழுத்தம், இதய நோய், முதுகு அல்லது கழுத்துப் பிரச்சினை, பயணக் குமட்டல் ஆகியவை உள்ளவர்களும் கருவுற்ற பெண்களும் ஏறக்கூடாதென்று வாயிலில் எழுதி வைத்திருப்பது அந்த உரிமையின் வடிவமே. ரசிகர்கள் சிலர் சலித்துக்கொள்ளும் அந்தப் பலகைகளில் ஒன்றுகூட மிகையன்று. இரண்டாவது, மனம் மாறும் உரிமை. வரிசையில் எவ்வளவு நேரம் நின்றிருந்தாலும், அறைக்கதவு மூடப்படும் வரை, பணியாளரிடம் ஒரு சொல் சொல்லிவிட்டு எவரும் விலகிச் செல்லலாம். அதற்குக் காரணம் கூற வேண்டியதில்லை. மூன்றாவது, பிரிவைத் தேர்ந்தெடுக்கும் உரிமை. 2017ஆம் ஆண்டு புதுப்பிக்கப்பட்ட பச்சைப் பிரிவு பூமியைச் சுற்றிவரும் தனிப் பயணமாகவே அமைக்கப்பட்டிருப்பதால், அதைத் தேர்ந்தெடுப்பவர் குறைபட்ட ஒன்றைப் பெறுவதில்லை. சிறு குழந்தையோடு வந்தவர்களுக்கு 'ரைடர் ஸ்விட்ச்' என்னும் ஏற்பாடு உண்டு: ஒரு பெரியவர் குழந்தையோடு வெளியே இருக்க, மற்றவர் சென்று வந்தபின், காத்திருந்தவர் முழு வரிசையிலும் மீண்டும் நிற்காமல் செல்லலாம். குழந்தையைத் தனியே விட முடியாதே என்பதற்காக அதையும் உடன் அழைத்துச் செல்ல வேண்டிய கட்டாயம் ஆகவே இல்லை.

சட்டம் தரும் பாதுகாப்பு பலரும் எண்ணுவதைவிடக் குறைவு. 1981ஆம் ஆண்டு அமெரிக்க நாடாளுமன்றம் செய்த திருத்தத்தின்படி, ஊர் ஊராகக் கொண்டுசெல்லப்படும் சந்தை ராட்டினங்கள் மட்டுமே நடுவண் நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையத்தின் கண்காணிப்பில் இருக்கின்றன. ஓரிடத்தில் நிலையாக அமைந்த பூங்காக்களின் சவாரிகள் மாநிலங்களின் பொறுப்பில் விடப்பட்டன. ஃபுளோரிடாவிலோ, ஆயிரம் பணியாளர்களுக்கு மேல் கொண்டு, முழுநேரச் சொந்த ஆய்வாளர்களையும் வைத்திருக்கும் பெரும் பூங்காக்களுக்கு மாநில ஆய்விலிருந்து விலக்கு அளிக்கப்பட்டுள்ளது. அதற்கு ஈடாக, சவாரியால் ஒருவர் குறைந்தது 24 மணி நேரம் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டால், அதை மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாநில அரசுக்கு அப்பூங்காக்கள் தாமே தெரிவிக்கின்றன. இந்த அறிக்கைகள் பொதுமக்கள் பார்வைக்கு உரியவை. ஆயினும் வயது, பாலினம், ஓரிரு சொற்களில் அறிகுறி என்பதற்கு மேல் அவற்றில் அதிகம் இராது. முதலுதவியோடு வீடு திரும்பியவர்கள் அவற்றில் இடம்பெறவே மாட்டார்கள். 2005 ஜூன் முதல் ஓராண்டில் இந்த ஒரு சவாரிக்காக மட்டும் அவசர மருத்துவ உதவியாளர்கள் 194 பேருக்குச் சிகிச்சை அளித்தனர் என்ற தகவல், அம்மருத்துவ உதவிப் பதிவுகள் வழியாகவே வெளிவந்தது. ஆய்வு செய்பவரும் ஆய்வுக்கு உட்படுபவரும் ஒருவராகவே இருப்பது, அந்த நிறுவனம் எவ்வளவு திறமையானதாக இருந்தாலும், பொதுமக்களுக்கு உகந்த ஏற்பாடன்று.

கலிஃபோர்னியாவின் நிலை சற்று மேலானது. டிஸ்னிலேண்டின் 'இண்டியானா ஜோன்ஸ்' சவாரியால் ஒரு பெண்ணுக்கு மூளையில் பாதிப்பு ஏற்பட்டதாகத் தொடுக்கப்பட்ட வழக்கில், அம்மாநில உச்ச நீதிமன்றம் 2005ஆம் ஆண்டு அளித்த தீர்ப்பு, ரயில், பேருந்து நடத்துவோருக்குரிய மிக உயர்ந்த கவனக் கடமை இத்தகைய சவாரிகளை நடத்துவோருக்கும் பொருந்தக்கூடும் என்றது. ஃபுளோரிடாவில் பயணி சார்ந்திருக்க வேண்டியது கவனக்குறைவு பற்றிய பொதுச் சட்டத்தையே. அங்கே 2023ஆம் ஆண்டு மார்ச் மாதம் கொண்டுவரப்பட்ட மாற்றத்தால், வழக்குத் தொடுப்பதற்கான காலவரம்பு நான்கு ஆண்டிலிருந்து இரண்டாகக் குறைக்கப்பட்டது. நேர்ந்த தீங்கில் தம்முடைய பங்கே பாதிக்கு மேல் எனத் தீர்மானிக்கப்படுபவருக்கு இழப்பீடு கிடையாது என்ற விதியும் சேர்ந்தது. எச்சரிக்கையைப் படித்தபின்னும் நோயை மறைத்து ஏறியவரின் வழக்கு வலுவிழக்க இதுவே இடமளிக்கும்.

ஆகவே சவாரி முடிந்து நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், கடுந்தலைவலி, பேச்சுக் குளறல், நினைவு தடுமாறல் ஆகியவற்றில் எது தோன்றினாலும், சற்று நேரம் உட்கார்ந்தால் சரியாகிவிடும் என்று எண்ணாமல், அருகிலுள்ள பணியாளரிடம் உடனே கூறி மருத்துவ உதவி கோர வேண்டும். நிகழ்வைப் பூங்கா நிர்வாகம் பதிவு செய்யுமாறு கேட்டு, சவாரியின் பிரிவு, நேரம், உடன் இருந்தவர்களின் பெயர், தோன்றிய அறிகுறிகள் ஆகியவற்றை அன்றைக்கே தாமும் எழுதி வைப்பதும், மருத்துவ ஆவணங்களைப் பத்திரப்படுத்துவதும், இழப்பீடு பற்றிய எந்தத் தாளிலும் வழக்கறிஞரைக் கேட்காமல் கையெழுத்திடாதிருப்பதும் பின்னர் பெரிதும் உதவும்.

அமெரிக்காவில் வாழும் பிள்ளைகளைப் பார்க்கத் தமிழ்நாட்டிலிருந்து செல்லும் பெற்றோரை ஒர்லாண்டோவுக்கு அழைத்துச் செல்வது வழக்கமாகிவிட்ட இக்காலத்தில், இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடும் அப்பாவை 'இவ்வளவு தூரம் வந்துவிட்டு இதில் ஏறாமலா' என்று வற்புறுத்துவோர் வீட்டுக்குள்ளேயே இருக்கக்கூடும். பயணக் காப்பீடுகள் பலவும் முன்பிருந்தே உள்ள நோய்களால் வரும் சிகிச்சைச் செலவை விலக்கியோ கட்டுப்படுத்தியோ வைத்திருக்கின்றன; அமெரிக்க மருத்துவமனை ஒன்றில் ஓர் இரவு தங்குவதற்கான கட்டணமே ஒரு குடும்பத்தின் பல ஆண்டுச் சேமிப்பைக் கரைத்துவிட வல்லது. காப்பீட்டுப் பத்திரத்தின் அந்தப் பிரிவைப் புறப்படுமுன் படித்துவிட்டு, வழக்கமாகப் பார்க்கும் மருத்துவரிடம் 'இரண்டரை மடங்கு எடையைச் சில நொடிகள் தொடர்ந்து தாங்கும் சவாரி' என்று விளக்கிக் கேட்டு, அவர் வேண்டாம் என்றால் பச்சைப் பிரிவைப் பற்றியும் தனியே கேட்டறிய வேண்டும். ஏனெனில் சுழற்சி இல்லையே தவிர, குலுக்கலும் சாய்வும் மூடிய குறுகிய அறையும் அங்கும் உண்டு.