கல்லில் பெயர், படத்தில் இடம்: சித்தன்னவாசலை யார் வரைவது?

கல்லூரி மாணவர்கள் சிலர் என்னிடம் கேட்கும் கேள்வி இது. "சார், மேப் போடறதுக்கு ஒரு ஃபெல்லோஷிப்பாம். அதுக்கு வெளிநாடு வேற போகணுமாம். லேப்டாப்ல உக்காந்து போடற வேலைதானே, நேர்ல போயி என்ன கத்துக்கப் போறோம்?"

நியாயமான கேள்விதான். இந்தக் குறிப்பில் அதற்குப் பதில் சொல்லப் பார்க்கிறேன். உதாரணமாகச் சித்தன்னவாசலை எடுத்துக்கொள்கிறேன். வார இறுதிகளில் நான் சுற்றும் இடம் என்பது ஒரு காரணம். இன்னொரு காரணம், இந்தக் கேள்விக்குப் பாதி விடை அங்கே பாறையில் வெட்டப்பட்டிருக்கிறது.

முதலில், என்ன ஃபெல்லோஷிப்?

யூத்மேப்பர்ஸ் என்பது பல்கலைக்கழக மாணவர்களின் பன்னாட்டு வலையமைப்பு. 2015இல் அமெரிக்காவின் டெக்சாஸ் டெக், ஜார்ஜ் வாஷிங்டன், மேற்கு வர்ஜீனியா ஆகிய மூன்று பல்கலைக்கழகங்கள், அந்நாட்டு அரசின் வளர்ச்சி உதவி அமைப்பான யுஎஸ்எய்டின் ஆதரவோடு தொடங்கின. பிறகு 60க்கும் மேற்பட்ட நாடுகளில், 300க்கும் மேற்பட்ட கல்லூரிக் கிளைகளாக அது வளர்ந்தது. இந்தக் கிளைகளிலிருந்து சிலரைத் தேர்ந்தெடுத்து, ஓரிடத்தில் கூட்டி, பயிற்சி கொடுத்து அனுப்புவதுதான் லீடர்ஷிப் ஃபெல்லோஷிப். தொடக்க ஆண்டுகளில் அது நடந்த இடம் காத்மாண்டு.

இவர்கள் வரைவது ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில். சுருக்கமாக ஓஎஸ்எம். 2004இல் இங்கிலாந்தில் ஸ்டீவ் கோஸ்ட் தொடங்கியது. விக்கிப்பீடியா மாதிரின்னு வச்சுக்குங்க. யார் வேண்டுமானாலும் திருத்தலாம், யார் வேண்டுமானாலும் தரவை எடுத்துப் பயன்படுத்தலாம். கூகுள் மேப்பில் நீங்கள் ஓர் இடத்தைச் சேர்த்தால் அது கூகுளின் சொத்து. ஓஎஸ்எம்மில் சேர்த்தால் பொதுச் சொத்து. வித்தியாசம் அவ்வளவுதான், ஆனால் பெரிய வித்தியாசம்.

ஏன் காத்மாண்டு?

2013இல் அங்கே காத்மாண்டு லிவிங் லேப்ஸ் என்று ஓர் அமைப்பு உருவானது. உள்ளூர் மாணவர்களை வைத்துப் பள்ளத்தாக்கின் பள்ளிகள், மருத்துவமனைகள், தெருக்கள், கட்டடங்கள் எல்லாவற்றையும் ஓஎஸ்எம்மில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். 2015 ஏப்ரல் 25 அன்று 7.8 அளவில் நிலநடுக்கம் வந்தது. ஏறத்தாழ 9,000 பேர் இறந்தார்கள். உலகம் முழுக்க ஆயிரக்கணக்கான தன்னார்வலர்கள் செயற்கைக்கோள் படத்தைப் பார்த்து நேபாளத்தின் வீடுகளையும் மலைப்பாதைகளையும் வரைந்து தள்ளினார்கள். மீட்புக் குழுக்கள் அதைப் பயன்படுத்தின.

வெளியிலிருந்து வந்த அந்தப் பெரும் உழைப்பை உள்ளூரில் வாங்கிப் பயன்படுத்த ஆட்கள் ஏற்கெனவே தயாராக இருந்தார்கள். எந்தப் பாதை எந்த ஊருக்குப் போகும், அங்கிருந்து வரும் செய்தி எந்த ஊரைப் பற்றியது என்று பொருத்திப் பார்க்க அவர்களால் முடிந்தது. நிலநடுக்கத்துக்குப் பிறகு ஆள் தேடியிருந்தால் நேரம் போயிருக்கும். வரைபடத்தை மட்டுமல்ல, வரைபவர்களையும் உருவாக்குகிறோம் என்று யூத்மேப்பர்ஸ் சொல்லிக்கொள்வதன் பொருள் இதுதான்.

நமக்கும் இது தூரத்து விஷயம் இல்லை. 2015 டிசம்பர் சென்னை வெள்ளத்தில், எந்தெந்தத் தெருவில் தண்ணீர் நிற்கிறது என்று மக்களே குறிக்கும் ஒரு வரைபடம் ஓஎஸ்எம் மேல்தான் கட்டப்பட்டது. 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் கரை கடந்து புதுக்கோட்டை மாவட்டத்தையும் புரட்டிப் போட்டபோது, உதவி கேட்டு வந்த வாட்ஸ்அப் செய்திகள் எனக்கு நன்றாக நினைவிருக்கின்றன. 'புதுப்பட்டிக்கு இன்னும் எதுவும் வரலை.' எந்தப் புதுப்பட்டி? நம்ம பக்கத்தில் புதுப்பட்டி, மேலப்பட்டி, கீழப்பட்டி எத்தனை இருக்கிறது என்று யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. தார்ச்சாலை ஓரத்து ஊர்களில் நிவாரண வண்டிகள் வரிசையாக நிற்க, இரண்டு கிலோமீட்டர் உள்ளே இருந்த குடியிருப்புகள் காத்துக் கிடந்தன. பெயர் தெரிந்தது, இடம் தெரியவில்லை.

பாறையில் இருக்கும் பாதி விடை

சித்தன்னவாசல் என்றதும் எல்லோருக்கும் அறிவர் கோயிலின் தாமரைக் குள ஓவியம்தான் நினைவுக்கு வரும். அதைவிடப் பழையது குன்றின் மேல் இருக்கும் ஏழடிப்பட்டம். சமணத் துறவிகள் தங்கிய இயற்கைக் குகை. வழுவழுப்பாகச் செதுக்கிய 17 கற்படுக்கைகள். அதில் ஒரு படுக்கையில் தமிழ்ப் பிராமிக் கல்வெட்டு இருக்கிறது. ஐராவதம் மகாதேவன் இதன் காலத்தை ஏறத்தாழ கி.மு. முதல் நூற்றாண்டு என்று கணிக்கிறார். அவர் வாசிப்பின்படி செய்தி இது: எருமிநாட்டுக் குமுழூரில் பிறந்த காவுடி ஈதன் என்பவருக்கு, தென்கு சிறுபோசிலைச் சேர்ந்த இளையர் செய்து கொடுத்த இருக்கை.

ஒரே வரியில் ஒரு நாடு, அதற்குள் ஓர் ஊர், இன்னும் ஓர் ஊர். வாங்கியவர் எந்த ஊர், கொடுத்தவர் எந்த ஊர் என்று சொல்லாமல் ஆளை அடையாளம் காட்ட அவர்களுக்கு மனம் வரவில்லை. எருமிநாடு இன்றைய மைசூர்ப் பகுதி என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். ஆனால் சிறுபோசில் என்ற பெயர் இன்று புழக்கத்தில் இல்லை. 2,000 ஆண்டுகளாகப் பெயர் கல்லில் பத்திரமாக இருக்கிறது. அந்தப் பெயரைச் சொல்லி வாழ்ந்த ஆட்கள் போனதும், இடம் கைவிட்டுப் போய்விட்டது.

செயற்கைக்கோள் படம் இதற்கு நேர்மாறு. ஒவ்வொரு கூரையும், ஒவ்வொரு மரமும் துல்லியமாக இருக்கிறது. இடம் இருக்கிறது, பெயர் இல்லை.

இந்த இரண்டையும் சேர்க்கும் வேலைக்குத்தான் சமூக வரைபடம் என்று பெயர். பெர்லினில் உட்கார்ந்திருக்கும் ஒருவர் அன்னவாசல் பக்கத்து வீடுகளை அழகாக வரைந்துவிடலாம். அந்தக் குடியிருப்பின் பெயரை அவரால் வரைய முடியாது. அதற்கு யாராவது நடந்து போய்க் கேட்க வேண்டும்.

வானத்திலிருந்து தெரியாதவை

புதுக்கோட்டை ஏரி, குளங்களால் வாழ்ந்த மாவட்டம். ஆனால் படத்தில் எல்லாமே ஒரு நீலத் திட்டுதான். அது பாசனத்துக்கான கண்மாயா, குடிதண்ணீருக்கான ஊருணியா? மேலே இருந்து சொல்ல முடியாது. ஊருக்குள் இந்த வித்தியாசம் தெரியாமல் ஊருணியில் மாட்டை இறக்கினால் என்ன ஆகும் என்று உங்களுக்கே தெரியும்.

கோடையில் எடுத்த படம் என்றால் நீலமும் இருக்காது. சீமைக் கருவேலம் மண்டிய பழுப்பு நிலம்தான். வரைபவர் அதைப் புதர்க்காடு என்று குறித்துவிட்டுப் போவார். வரத்துக்கால் ஒரு மெல்லிய கோடு, அதை நடைபாதை என்று நினைக்க எல்லா வாய்ப்பும் உண்டு. கலிங்கு ஒரு குட்டிச்சுவர் மாதிரி தெரியும். மடை தெரியவே தெரியாது. ஒருமுறை சித்தன்னவாசல் பக்கம் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு அம்மாவிடம், "இது கண்மாயாம்மா, காடாம்மா?" என்று கேட்டேன். "மழை பேஞ்சா கண்மா, பேயலேன்னா ஆட்டுக்குக் காடு. ரெண்டும்தான் தம்பி" என்றார். ஓஎஸ்எம்மில் இதற்கு வழி இருக்கிறது. பருவகால நீர்நிலை என்று தனியாகக் குறிக்கலாம். ஆனால் அதைக் குறிக்கச் சொல்லும் தகவல் அந்த அம்மாவிடம்தான் இருக்கிறது.

இதனால் என்ன நஷ்டம் என்று கேட்கலாம். ஓஎஸ்எம்முக்குச் சட்ட மதிப்பு கிடையாது. நில உரிமைக்கு வருவாய்த் துறை ஆவணம்தான். ஆனால் படத்தில் வெற்று நிலம் என்று கிடக்கும் இடத்தில் மண் கொட்டுவது எளிது. கண்மாய், அதன் வரத்துக்கால், அதன் கலிங்கு என்று பெயரோடு நாலு பேர் போனில் தெரியும் இடத்தில் கேள்வி கேட்க ஆள் இருக்கும்.

யார் சொல்லும் பெயர்?

இங்கேதான் விஷயம் கடினமாகிறது. ஒரு குடியிருப்புக்குப் போய் "இந்த இடத்துக்குப் பேர் என்ன?" என்று கேட்கிறீர்கள். பிரதான ஊரில் இருப்பவர் ஒரு பெயர் சொல்வார். அங்கேயே வசிப்பவர் வேறு பெயர் சொல்வார். முதல் பெயரில் பல சமயம் சாதி இருக்கும், அல்லது சாதியைச் சுற்றி வளைத்துச் சொல்லும் ஒரு சொல் இருக்கும். 2025 ஏப்ரலில் சட்டப்பேரவையில் முதல்வர் மு.க.ஸ்டாலின், 'காலனி' என்ற சொல் அரசு ஆவணங்களிலிருந்தும் பொதுப் புழக்கத்திலிருந்தும் நீக்கப்படும் என்று அறிவித்தார். ஒரு பெயர் எவ்வளவு வலியைச் சுமக்கும் என்பதற்கு இதைவிட அத்தாட்சி வேண்டாம்.

அப்போ எதை ஏற்றுவது? மென்பொருளில் பெயருக்கு ஒரு கட்டம் இருக்கிறது, தமிழ்ப் பெயருக்குத் தனிக் கட்டம், மாற்றுப் பெயருக்கு இன்னொன்று. கட்டம் ஒரு பிரச்சினையே இல்லை. எந்தக் கட்டத்தில் யார் சொன்னதைப் போடுவது என்பதுதான் பிரச்சினை. என் நிலைப்பாடு: அங்கே வசிப்பவர்கள் தங்கள் இடத்துக்குச் சொல்லும் பெயர்தான் முதல் கட்டத்துக்கு. அதைக் கேட்க, நீங்கள் டீக்கடையோடு திரும்பாமல் உள்ளே நடக்க வேண்டும். பெண்களிடமும் கேட்க வேண்டும். தண்ணீருக்கும் விறகுக்கும் நடக்கிறவர்கள் அவர்கள்.

எதை வரையக் கூடாது என்பதும் இதே வகைக் கேள்வி. சித்தன்னவாசலைச் சுற்றிப் பெருங்கற்காலப் புதைவிடங்கள் இருக்கின்றன. தொல்லியல் துறை பாதுகாக்கும் இடத்தை வரைபடத்தில் காட்டுவதில் சிக்கல் இல்லை. காவலே இல்லாத ஒரு கல்வட்டத்தைத் துல்லியமான ஜிபிஎஸ் எண்ணோடு உலகத்துக்கே அறிவித்தால், முதலில் வருகிறவர் ஆராய்ச்சியாளராக இருப்பார் என்று என்ன நிச்சயம்? தனி வீட்டில் யார் குடியிருக்கிறார்கள் என்பதையும் ஏற்றக் கூடாது. அது ஓஎஸ்எம் விதி மட்டுமல்ல, மரியாதையும்கூட.

நேரில் போய்க் கற்பது என்ன?

மாணவர்கள் கேட்ட கேள்விக்கு இப்போது வரலாம். ஐடி எடிட்டரில் கட்டடம் வரைய ஒரு மணி நேரத்தில் கற்றுக்கொள்ளலாம். ஜேஓஎஸ்எம் கொஞ்சம் முரட்டு மென்பொருள், ஒரு வாரம் ஆகும். இதற்கு விமானம் ஏற வேண்டியதில்லை.

ஆனால் நான் மேலே சொன்னவை எதுவும் மென்பொருளில் இல்லை. இரண்டு பெயர் வரும்போது எப்படி முடிவெடுப்பது, சந்தேகத்தோடு பார்க்கும் ஊராரிடம் என்ன சொல்லி ஆரம்பிப்பது, வரைந்ததை ஊருக்கே எப்படித் திருப்பிக் கொடுப்பது? இதே கேள்விகளை முன்னாலேயே சந்தித்தவர்கள் உலகத்தில் இருக்கிறார்கள். நைரோபியின் கிபேரா குடிசைப் பகுதி 2009 வரை வரைபடங்களில் ஏறக்குறைய வெற்றிடம். அங்கேயே வளர்ந்த இளைஞர்கள் மேப் கிபேரா என்ற திட்டத்தில் அதை நிரப்பினார்கள். தான்சானியாவின் தார் எஸ் சலாமில் ராமானி ஹுரியா திட்டத்தில் மாணவர்களும் ஊர்மக்களும் சேர்ந்து வெள்ளம் புகும் தெருக்களின் வடிகால்களை அளந்தார்கள். இப்படிப்பட்ட ஊர்களின் இருபது வயதுக்காரர்களோடு ஒரு வாரம் ஒரே மேசையில் சாப்பிட்டால், நம்ம ஊர்ப் பிரச்சினை நமக்கு மட்டுமே உள்ளது இல்லை என்று புரியும். ஃபெல்லோஷிப்பின் சரக்கு அதுதான். சான்றிதழ் இல்லை.

இப்போது கசப்பான பகுதி. யுஎஸ்எய்ட் 2025 ஜூலையில் மூடப்பட்டது. வெளிநாட்டுப் பணத்தை நம்பி நிற்கும் எந்தப் பயிற்சிக்கும் இந்த ஆபத்து உண்டு. வரைந்த தரவு அழியாது, அது பொதுவில் இருக்கிறது. ஆனால் புதிய ஆட்கள் வராவிட்டால் அந்தத் தரவு பழசாகும். புது வீடு வரும், பாதை மாறும், யாரும் திருத்த மாட்டார்கள்.

அதனால் என் பரிந்துரை: ஃபெல்லோஷிப் கிடைத்தால் கட்டாயம் போங்கள். கிடைக்காவிட்டால் காத்திருக்க வேண்டாம். நம்மிடம் ஏற்கெனவே ஓர் ஏற்பாடு இருக்கிறது. 1969இல் தொடங்கிய நாட்டு நலப்பணித் திட்டம், அதாவது என்எஸ்எஸ். அதன் ஏழு நாள் சிறப்பு முகாமில் மாணவர்கள் கிராமத்திலேயே தங்குகிறார்கள். கோயில் வளாகத்தைச் சுத்தம் செய்கிறார்கள், மரக்கன்று நடுகிறார்கள். அதில் இரண்டு நாளை இதற்கு ஒதுக்கலாம். முதல் நாள் காலை, செயற்கைக்கோள் படத்தைப் பெரிய தாளில் அச்சடித்து ஊர்ச் சாவடியில் விரித்து வைத்து, பெரியவர்களைப் பெயர் சொல்லச் சொல்லுங்கள். மாலையில் அவர்களோடு நடந்து சரிபாருங்கள். மறுநாள் தமிழ்ப் பெயரோடு ஏற்றுங்கள். ஒரு பிரதியை ஊராட்சி அலுவலகச் சுவரில் ஒட்டிவிட்டு வாருங்கள். அடுத்த ஆண்டு அதே ஊருக்கு வந்து திருத்துங்கள்.

சட்டம் விடுமா என்று கேட்பவர்களுக்கு: 2021 பிப்ரவரி 15 அன்று மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறை வெளியிட்ட நெறிமுறைப்படி, இந்தியர்கள் வரைபடத் தரவு சேகரிக்க முன் அனுமதி தேவையில்லை. பாதுகாப்பு சார்ந்த சில விவரங்களுக்கு மட்டும் கட்டுப்பாடு உண்டு.

தென்கு சிறுபோசில் எங்கே இருந்தது என்று இளையரிடம் இனி நாம் கேட்க முடியாது. ஆடு மேய்த்துக்கொண்டிருந்த அந்த அம்மாவிடம் கேட்க முடியும். அவருக்குத் தெரிந்த வரத்துக்கால்களில் பாதி அவர் பேரனுக்குத் தெரியாது.