கொம்புக்கு விலை எதற்கு?

எரித்துவிட்டார்கள்! கள்வரிடம் பிடித்தவையும், மாண்ட விலங்குகளிடமிருந்து எடுத்தவையுமாக அரசுக் கருவூலங்களிலே கிடந்த 2,479 காண்டாமிருகக் கொம்புகளை, 2021 செப்டம்பர் 22ஆம் நாள், அசாம் மாநிலம் பொகாகாட்டிலே தீயிட்டுவிட்டார்கள்.

“ஐயோ, கோடிகள் சாம்பலாயினவே! விற்றிருந்தால் ஏழைக்கு உதவியிருக்குமே!” என்று அங்கலாய்ப்போர் உண்டு.

அவர்களைக் கேட்கிறோம்: வாங்குபவன் எதற்காக வாங்குகிறான்? காய்ச்சல் தீருமாம், நஞ்சு முறியுமாம்! கொம்பிலே இருப்பது கெராட்டின். நம் விரல் நகத்திலே இருப்பதும் அதுவே! நகத்தைக் கடித்தால் நோய் தீருமா? இந்த மூடநம்பிக்கைக்கு அரசே கடை விரிக்க வேண்டுமா?

“சிறிதளவு விற்றால் என்ன?” என்பார்கள். தந்தத்தின் கதையைப் பாருங்கள். ஆப்பிரிக்க யானைத் தந்த வணிகத்தைத் தடுக்க 1989இல் உலக நாடுகள் முடிவு செய்தன. 2008இலோ, ‘இந்த ஒரு முறை’ என்று சொல்லி, நான்கு ஆப்பிரிக்க நாடுகளின் தந்தம் நூறு டன்னுக்கு மேல் சீனத்துக்கும் ஜப்பானுக்கும் விற்கப்பட்டது. கடையிலே அடுக்கிய பின், அனுமதி பெற்ற தந்தம் எது, திருட்டுத் தந்தம் எது? செத்த யானை வந்து சாட்சி சொல்லுமா? கடைசியில், 2017 முடிவிலே, சீன அரசே தன் தந்தச் சந்தையை இழுத்து மூடியது.

பாதி திறந்த கதவு கள்வனுக்கே வழி. காசிரங்காவிலே உயிரோடு மேயும் காண்டாமிருகமே அசாமின் செல்வம். அதன் கொம்புக்கு விலையில்லை என்ற நிலை வரட்டும். வேட்டைக்காரனின் துப்பாக்கி தானாகவே தாழும்!