போட்டதை எடுக்கவும் தெரிய வேண்டும்

இணையச் சேவை நிறுவனத்தின் செக்யூரிட்டி பிரிவில் புதிதாகச் சேரும் நெட்வொர்க் இன்ஜினியருக்கு முதல் மாதம் எதைக் கற்றுத்தருவது? தாக்குதல் வகைகள், அவற்றைக் கண்டுபிடிக்கும் மென்பொருள்கள் என்று தொடங்குவது வழக்கம். அவற்றை இரண்டாவது மாதத்துக்குத் தள்ளிவைக்கலாம் என்பேன். தான் தட்டும் ஒரு வரி எவ்வளவு தூரம் போகும், அதைத் திரும்ப எடுப்பது எப்படி என்பதுதான் முதல் பாடமாக இருக்க வேண்டும். அலுவலக நெட்வொர்க்கில் கை தவறினால் அந்த அலுவலகம் நிற்கும். சேவை நிறுவனத்தில் தவறினால் ஊரே நிற்கும்.

சில சமயம் அது ஊரோடும் நிற்காது. 2008 பிப்ரவரி 24 அன்று, பாகிஸ்தான் அரசின் உத்தரவுப்படி யூடியூபை நாட்டுக்குள் முடக்க முனைந்தது பாகிஸ்தான் டெலிகாம். யூடியூபின் 256 முகவரிகளுக்கு வழி தன்னிடம் இருப்பதாக ரூட்டர்களிடம் அறிவித்தது. வந்து சேரும் டிராஃபிக்கை அப்படியே கொட்டிவிடலாம் என்பது கணக்கு. யூடியூப் அறிவித்திருந்ததோ 1,024 முகவரிகள் கொண்ட தொகுதி. இரண்டு அறிவிப்புகள் மோதினால், எது குறுகலான தொகுதியோ அதைத்தான் ரூட்டர் நம்பும்; சொல்பவர் யார் என்று கேட்காது. உள்ளூருக்கான அந்த அறிவிப்பு வெளியே கசிய, ஹாங்காங்கின் பி.சி.சி.டபிள்யூ. அதைச் சரிபார்க்காமல் உலகுக்குக் கடத்தியது. சுமார் இரண்டு மணி நேரம் உலகின் பெரும்பகுதிக்கு யூடியூப் இல்லை. இதில் ஹேக்கர் எவரும் கிடையாது.

செக்யூரிட்டி பிரிவின் அன்றாட வேலையும் கிட்டத்தட்ட இதேதான். ஒரு வாடிக்கையாளரின் சர்வரை நோக்கிப் போலி டிராஃபிக் வெள்ளமாக வரும்போது, அந்த ஒரு முகவரியைப் பலிகொடுத்து மற்றவர்களைக் காப்பாற்றுவார்கள். இதற்கு பிளாக்ஹோல் என்று பெயர். முகவரிக்குப் பின்னால் /32 என்று தட்டினால் ஒரே முகவரி போகும். /24 என்று தட்டினால் 256 போகும். அக்கம்பக்கத்து முகவரியில் இருக்கும் மருத்துவமனையும் வங்கிக் கிளையும் சேர்ந்தே போகும். இரவு இரண்டு மணிக்கு, வாடிக்கையாளர் போனில் கத்திக்கொண்டிருக்கும்போது தட்ட வேண்டிய எண் இது. அதனால்தான் பரிசோதனைக் கூடத்தில் போட்டு எடுத்து, போட்டு எடுத்து, கை பழகியிருக்க வேண்டும் என்கிறேன். ஜூனிப்பர் ரூட்டர்களில் 'கமிட் கன்ஃபர்ம்ட்' என்றொரு கட்டளை உண்டு. மாற்றம் உடனே அமலாகும். வேறு கெடு சொல்லாதவரை, பத்து நிமிடத்துக்குள் மறுபடி உறுதிசெய்யாவிட்டால் ரூட்டர் தானே பழைய நிலைக்குத் திரும்பிவிடும். உட்கார்ந்த கிளையையே வெட்டிக்கொள்பவரை மனதில் வைத்துச் செய்த வசதி!

இதையெல்லாம் இப்போது மென்பொருளே பார்த்துக்கொள்ளுமே என்பார்கள். 2021 அக்டோபர் 4 அன்று ஃபேஸ்புக்கில், ஆபத்தான கட்டளைகளைத் தடுக்கவென்றே ஒரு சோதனைக் கருவி இருந்தது. அதில் இருந்த பிழையால் பராமரிப்புக் கட்டளை ஒன்று தப்பிச் சென்று, நிறுவனத்தின் முதுகெலும்பு நெட்வொர்க்கையே அறுத்தது. ஏறத்தாழ ஆறு மணி நேரம் போனது. தொலைவிலிருந்து நுழைய வழியில்லாமல், ஆட்களை டேட்டா சென்டருக்கே அனுப்பினார்கள்.

தாக்குபவன் காத்திருப்பானா, ஆள் பற்றாக்குறையில் ஒரு மாதத்தை இப்படிக் கழிக்க முடியுமா என்ற கேள்வி நியாயமானது. புதியவரைச் சும்மா உட்கார வைக்கச் சொல்லவில்லை. பார்க்க மட்டும் அனுமதியுள்ள கணக்குடன் முதல் வாரமே ஷிஃப்டில் சீனியர் பக்கத்தில் உட்காரட்டும். ஆனால் எழுதும் அனுமதியை அவசரமாகக் கொடுப்பதற்குமுன், 2022 ஜூலை 8 அன்று கனடாவின் ராஜர்ஸ் நிறுவனத்தில் நடந்ததை நினைக்க வேண்டும். ரூட்டர் அமைப்பிலிருந்து ஒரு ஃபில்டரை நீக்கினார்கள். 1 கோடியே 20 லட்சத்துக்கும் மேற்பட்ட வாடிக்கையாளர்களின் சேவை விழுந்தது. கருவிகளை நிர்வகிக்கும் வழியும் அதே நெட்வொர்க்கை நம்பியிருந்ததால், பழுதை எட்டிப் பார்க்கவே முடியவில்லை.

எனக்குக் கனமாகப் படும் மறுப்பு வேறு. விபத்துக் கதைகளையே கேட்டு வளர்பவர், பிளாக்ஹோல் போட வேண்டிய நேரத்தில் கையைப் பிசைந்துகொண்டு நிற்பாரே? கதையோடு நிறுத்தினால் அப்படித்தான் ஆகும். 2008-இல் யூடியூப் அதே 256 முகவரிகளைத் தானும் அறிவித்துப் பதிலடி தர 80 நிமிடம் ஆனது. அதன்பின் 128, 128 ஆகப் பிரித்து இன்னும் குறுகலாக அறிவித்தது. அந்த நாளைப் பரிசோதனைக் கூடத்தில் அப்படியே அமைத்து, விடையைச் சொல்லாமல், கடிகாரத்தை மட்டும் எதிரே வைத்துப் புதியவரை உட்கார வைக்கலாம்.