பிளாசுமா உருவாக்கத்தின் கணினி உருவகப்படுத்தல்

பிளாசுமா உருவாக்கத்தின் கணினி உருவகப்படுத்தல் என்பது, நடுநிலையான வளிமமோ திண்மமோ அயனியாகிப் பிளாசுமாவாக மாறும் நிகழ்வைக் கணினியில் படிப்படியாகக் கணக்கிட்டு ஆராயும் முறையாகும். மின்னலும், லேசர் எனப்படும் சீரொளி படும் பொருளும் இதன் முதன்மையான களங்களுள் இரண்டு. இவற்றில் பிளாசுமா தோன்றும் நேரம் மிகக் குறுகியது. உள்ளே கருவி வைத்து அளப்பதும் அரிது. எனவே அளக்க முடிந்தவற்றிலிருந்து அளக்க முடியாதவற்றை அறிய இம்முறை பயன்படுகிறது.

எதிர்மின்னிச் சரிவு

மின்புலத்தால் முடுக்கப்படும் எதிர்மின்னி ஒன்று, மூலக்கூறில் மோதி மற்றோர் எதிர்மின்னியை வெளியேற்றுகிறது. இவ்வாறு 27 முறை இரட்டித்தால் ஏறத்தாழ 13 கோடி எதிர்மின்னிகள் உண்டாகின்றன. எண்ணிக்கை சுமார் 10 கோடியை எட்டும்போது, அவற்றின் சொந்த மின்புலம் வெளிப்புலத்துக்கு இணையாகி, ஒளிரும் இழை போன்ற மின்னிறக்கம் தொடங்குகிறது.

சீரொளியில் தொடக்கம் வேறானது. 800 நானோமீட்டர் அலைநீள ஒளித்துகளின் ஆற்றல் 1.55 எலக்ட்ரான்வோல்ட்டு, ஆக்சிசன் மூலக்கூறை அயனியாக்க ஏறத்தாழ 12.1 எலக்ட்ரான்வோல்ட்டு தேவை. ஆகவே 8 ஒளித்துகள்கள் ஒருசேர உட்கவரப்பட வேண்டும். துடிப்பு நீண்டதாயின் பின்னர்ச் சரிவும் சேர்ந்துகொள்ளும்.

கணக்கிடும் முறை

பல இலட்சம் துகள்களை ஒரே பெருந்துகளாகக் கொண்டு, வெளியைச் சிறு கட்டங்களாகப் பிரித்து, மின்புலத்தைக் கணித்து, துகள்களை நகர்த்தி, மீண்டும் மின்புலத்தைக் கணிப்பது பரவலான முறை. ஆசுக்கர் புனேமன், ஜான் டாசன் ஆகியோர் இதன் முன்னோடிகள். மோதல்கள் மான்ட்டி கார்லோ முறையில், பகடை உருட்டுவது போலத் தற்போக்கு எண்களால் முடிவு செய்யப்படுகின்றன. கட்டங்கள் மிகப் பெரிதானால் இல்லாத வெப்பம் கணக்கில் தோன்றும். நிரல் பிழையேதும் காட்டாது. விடை மட்டும் தவறாக இருக்கும்.

திண்டுக்கல் மலைக்கோட்டை மீது விழும் ஒரு மின்னலின் தடம் சில கிலோமீட்டர் நீளமிருக்கலாம்; அதன் தொடக்க இழையின் முனைக்கோ மைக்ரோமீட்டர் அளவிலான கட்டங்கள் தேவை. முழு மின்னலையும் துகள் துகளாகக் கணிப்பது நடைமுறையில் இயலாததால், இழை பாய்மமாகவும் நீண்ட தடம் மின்சுற்றாகவும் கருதப்படுகின்றன.

உதகமண்டல ஆய்வு

மின்னலுக்கு முந்தைய முகிலின் நிலையை அறிய, டாட்டா அடிப்படை ஆராய்ச்சிக் கழகத்தின் உதகமண்டல ஆய்வுக்கூடத்திலுள்ள கிரேப்சு-3 கருவி உதவியது. 2014 திசம்பர் 1 அன்று, வடகிழக்குப் பருவமழைக் காலத்தில், இடிமுகில் ஒன்று கடந்தபோது மியூயான்களின் வரவு 18 நிமிடங்களுக்கு ஏறத்தாழ 2 விழுக்காடு குறைந்தது. வெவ்வேறு மின்னழுத்தங்களைக் கொண்டு உருவகப்படுத்திப் பார்த்ததில், இக்குறைவுக்கு 130 கோடி வோல்ட்டு தேவை எனத் தெரிந்தது. முடிவு 2019இல் வெளியானது. இத்தகைய முகில்களில் 100 கோடி வோல்ட்டு இருக்கலாம் எனச் சி. டி. ஆர். வில்சன் 1929இலேயே கணித்திருந்தார்.

தீராத சிக்கல்

தரைமட்டக் காற்று முறிவடைய மீட்டருக்குச் சுமார் 30 இலட்சம் வோல்ட்டு வேண்டும். முகில்களுள் அளக்கப்பட்ட மின்புலம் பொதுவாக இதில் பத்தில் ஒரு பங்கே. உயரத்தில் காற்று அடர்த்தி குறைவதைக் கணக்கில் கொண்டாலும் இடைவெளி நிரம்பவில்லை. பனித்துகள்களின் முனைகளில் மின்புலம் செறிவடைகிறது என்பது ஒரு விளக்கம். அண்டக் கதிர்கள் தரும் மிகுவேக எதிர்மின்னிகளே சரிவைத் தொடங்குகின்றன என்பது குரேவிச்சும் பிறரும் 1992இல் முன்வைத்த மற்றொரு விளக்கம். இரண்டும் உருவகப்படுத்தப்பட்டுள்ளன, முடிவு எட்டப்படவில்லை.