ரிமாண்ட் என்றால் தண்டனையா?

"பையனை ரிமாண்ட் பண்ணிட்டாங்களாம்" என்று ஒருவர் சொன்னால், கேட்பவர் "எத்தனை வருஷம்?" என்கிறார். ரிமாண்டில் வருஷக் கணக்கே கிடையாது. அது தண்டனை அல்ல.

இந்த ஆங்கிலச் சொல்லின் லத்தீன் மூலத்துக்குத் 'திருப்பி அனுப்பு' என்றுதான் பொருள். மேல் நீதிமன்றம் ஒரு வழக்கை மறுபடி விசாரிக்கச் சொல்லிக் கீழ் நீதிமன்றத்துக்கு அனுப்பினாலும் ரிமாண்ட்தான். அதில் யாரும் ஜெயிலுக்குப் போவதில்லை!

கைதானவரை, பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். விசாரணை முடியும்வரை அவரைக் காவலில் வைக்க மாஜிஸ்திரேட் உத்தரவிட்டால் அது ரிமாண்ட். சிறைக்கு அனுப்பினால் நீதிமன்றக் காவல். ஸ்டேஷனுக்கே அனுப்பினால் போலீஸ் காவல். உள்ளே இருப்பவர் விசாரணைக் கைதிதான்; குற்றவாளி என்று இன்னும் யாரும் தீர்ப்புச் சொல்லவில்லை.

குடும்பத்தார் கவனிக்க வேண்டியது நாள் கணக்கை. 2024 ஜூலை 1 முதல் அமலில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 187-வது பிரிவுப்படி, 60 நாளுக்குள் குற்றப்பத்திரிகை தாக்கலாகாவிட்டால் ஜாமீன் பெறுவது உரிமை. மரண தண்டனை, ஆயுள் தண்டனை, 10 ஆண்டு அல்லது அதற்கு மேல் சிறை விதிக்கக்கூடிய குற்றங்களுக்கு 90 நாள். போதைப்பொருள் போன்ற சிறப்புச் சட்டங்களில் கெடு இன்னும் நீளலாம்.

ஆனால் மனு போட்டால்தான் ஜாமீன். "அவங்களே விட்ருவாங்க" என்று காத்திருக்கும்போது குற்றப்பத்திரிகை வந்துவிட்டால், அந்த உரிமை போச்சு.

பின்னால் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டால், ரிமாண்டில் கழித்த நாட்கள் அதில் கழிக்கப்படும். விடுதலையானால் கழிக்க எதுவுமில்லை, போன நாள் போனதுதான்.